கோமாவில் இருக்கும் கணவரின் மனையை விற்க முடியுமா?

கேள்வி: என் கணவர் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு, ஏழு மாதங்களாக நினைவு திரும்பாமல் படுக்கையில் இருக்கிறார். சிகிச்சைக்காக நிறையக் கடன் வாங்கிவிட்டேன். அவர் பெயரில் உள்ள மனையை விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால், பத்திரத்தில் அவருடைய பெருவிரல் ரேகையை வைத்துவிடலாம் என்கிறார் உறவினர் ஒருவர். மனைவி என்ற முறையில் நானே கையெழுத்திட முடியாதா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்: சகோதரி, முதலில் அந்தப் பெருவிரல் ரேகை யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தின் பொருளைப் புரிந்துகொண்டு, அதனால் தமக்கு வரும் நன்மை தீமையை எடைபோட முடிந்தவரே அதைச் செய்யத் தகுதியுடையவர். நினைவற்றவரின் விரலைப் பிடித்து வைத்த ரேகையால் கிரையம் செல்லுபடியாகாது; நீங்கள் குற்ற வழக்கையும் சந்திக்க நேரலாம். அவர் நலமாக இருந்தபோது உங்களுக்குப் பவர் எழுதித் தந்திருந்தாலும், எழுதிக் கொடுத்தவர் சுயநினைவோடு முடிவெடுக்கும் திறனை இழந்தபின் அது பொதுவாக முடிந்துவிடும். மனைவி என்ற உறவு மட்டுமே விற்கும் அதிகாரத்தைத் தருவதில்லை.

1890-ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களுக்கானது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை தொடர்பாக நியமனப் பிரதிநிதியை அனுமதிக்கிறதே தவிர, சொத்தை நிர்வகிக்க வழி சொல்லவில்லை. கோமாவில் இருப்பவருக்கென்று தனிச் சட்டமே இல்லாததால், உங்களைக் கணவரின் பாதுகாவலராக நியமிக்கக் கோரி, உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின்கீழ் ரிட் மனு தாக்கல் செய்வதே உங்களுக்கு உள்ள வழி. நோயாளியைக் கவனிப்பதே பெரும்பாடாக இருக்கும் ஒரு பெண்ணை நீதிமன்றப் படியும் ஏற வைக்கும் இந்த இடைவெளியை நாடாளுமன்றம் எப்போதோ அடைத்திருக்க வேண்டும்.

உங்களைப் போன்ற ஒருவரின் மனுவை 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஏற்க மறுத்து, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகச் சொன்னார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, மனைவியையே பாதுகாவலராக நியமித்துச் சொத்தை விற்க அனுமதித்தது. விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே நிரந்தர வைப்பாகப் போட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. அந்த நிபந்தனையை மனத்தில் வையுங்கள். பாதுகாவலர் சொத்துக்கு உரிமையாளர் ஆவதில்லை. படுத்திருப்பவருக்காக அதைக் காப்பவர் மட்டுமே.

கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் வகுத்த நெறிமுறைகள், நரம்பியல் மருத்துவர் இடம்பெறும் மருத்துவக் குழுவின் பரிசோதனையையும், தாசில்தார் நிலைக்குக் குறையாத வருவாய் அதிகாரியின் நேரடி விசாரணையையும் கேட்கின்றன. வாரிசுகள் அனைவரும் மனுவில் தரப்பினராக இருக்க வேண்டும் என்கின்றன. எனவே மருத்துவ அறிக்கைகள், கடன் பத்திரங்கள், மருத்துவமனை ரசீதுகள், வாரிசுகளின் ஒப்புதல் ஆகியவற்றைத் திரட்டிக்கொண்டு வழக்கறிஞரைச் சந்தியுங்கள். வசதியில்லையென்றால், பெண் என்ற முறையில் உங்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

கேள்வி: அறிவுசார் குறைபாடுள்ள என் மகனுக்கு 18 வயது முடிந்துவிட்டது. அவருக்குப் பாதுகாவலராக நானும் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டுமா?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: வேண்டியதில்லை. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் எளிய வழி தருகிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பியுங்கள். நியமனம் கிடைத்த ஆறு மாதங்களுக்குள் மகனின் சொத்துப் பட்டியலையும், பின்னர் ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் நீங்கள் ஒப்படைக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பாதுகாவலர் மாற்றுத்திறனாளியின் விருப்பத்தின்படி, அவரோடு கலந்தே முடிவெடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே, எந்தெந்தக் காரியங்களுக்கு உங்கள் துணை வேண்டும் என்பதை விண்ணப்பம் எழுதுமுன் மகனிடமே, அவருக்குப் புரியும் விதத்தில், கேளுங்கள்.