விடையை நீங்கள் சொல்லாதீர்கள்!

கேள்வி: என் பதினோரு வயது மகள் 'எஸ்கேப் ஃப்ரம் மிஸ்டர் லெமன்செல்லோஸ் லைப்ரரி' என்ற ஆங்கில நாவலை வாசிக்கிறாள். புதிர் வந்தால் போதும், புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பென்சிலைத் தேடுகிறாள். இரண்டு வாரமாகியும் பாதியைத் தாண்டவில்லை. அவள் தூங்கிய பிறகு எடுத்துப் படித்து நான் முடித்தேவிட்டேன். ஒரு விடையை வாய்தவறிச் சொல்லப்போய் வீட்டில் ஒரே ரகளை. முதலில் கதையை முடி, புதிரைப் பிறகு பார்த்துக்கொள் என்று சொல்லலாமா? அதில் வரும் அமெரிக்கப் புத்தகங்களில் பாதி எங்களுக்குத் தெரியாதே?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: சொல்லாதீர்கள். ரகளையில் நான் உங்கள் மகள் பக்கம்.

கிறிஸ் கிராபென்ஸ்டைன் 2013-ல் எழுதிய கதை அது. ஒஹாயோ மாநிலத்தில் ஒரு கற்பனை ஊர். இருந்த நூலகத்தை இடித்து, கார் நிறுத்த அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து, விளையாட்டுப் பொருள் செய்து பணக்காரரான லெமன்செல்லோ, பழைய வங்கிக் கட்டடத்தில் புது நூலகம் திறக்கிறார். பன்னிரண்டு பிள்ளைகளை உள்ளே விட்டு, வந்த வழியாக இல்லாமல் வேறு வழியில் வெளியே வாருங்கள் என்கிறார். உங்கள் மகள் பதின்மூன்றாவது ஆளாக உள்ளே போயிருக்கிறாள். துப்புகளெல்லாம் அவள் கண்ணெதிரிலேயே கிடக்கின்றன. அவளைப் போய் அவசரப்படுத்தலாமா?

கதை மட்டும் என்று பார்த்தால் அப்படியொன்றும் பிரமாதமில்லை. வில்லன் பையன் சார்லஸ் வாயைத் திறந்ததுமே கெட்டவன் என்று தெரிந்துவிடுகிறது. ருசியெல்லாம் புதிரில்தான். படங்களைக் கூட்டியும் எழுத்துகளைக் கழித்தும் வாக்கியத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். புத்தக எண்ணைப் பிடித்துக்கொண்டு அலமாரி அலமாரியாக ஓட வேண்டும்.

அந்த எண் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள். நூலகத்தில் புத்தகங்களைப் பொருள்வாரியாக அடுக்க, அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி 1876-ல் வெளியிட்ட பகுப்பு முறை அது. உலகத்து அறிவையெல்லாம் பத்து வகுப்பாகப் பிரித்தார்: 500 அறிவியல், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். ஒவ்வொன்றும் மேலும் பத்துப் பத்தாகப் பிரியும். புள்ளிக்குப் பின்னாலும் நீளும். நம்முடைய நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் இதற்கு மாற்றாகக் கோலன் பகுப்பு முறையை 1933-ல் கொண்டுவந்தார். அதைச் சொன்னால் கேள்வி மேல் கேள்வி வரும், தயாராக இருங்கள்.

அமெரிக்கப் புத்தகப் பெயர்கள்? தாண்டிப் போகட்டும். எல்லாவற்றையும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் என்றால் வீட்டுப்பாடமாகிவிடும். எந்தப் பெயர் ஆசையைக் கிளப்புகிறதோ, அதை மட்டும் அவளே நோட்டில் குறித்துக்கொள்ளட்டும்.

மதுரையில்தான் இருக்கிறீர்கள். 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பகுதி உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போங்கள். டூயி எண்படி அடுக்கிய நூலகம் எதுவானாலும், 793.73 என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். அங்கே என்ன இருக்கும் என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள். (புதிர்ப் புத்தகங்கள். இந்தப் பக்கத்தை அவள் கண்ணில் படாமல் வையுங்கள்.)