பாரிட்டோன் கிட்டார்: தோற்றத்துக்கா காசு, ஓசைக்கா?

கேள்வி: சில வருடங்களாக எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறேன். பழைய கௌபாய் படங்களில் வரும் அந்தக் கனத்த 'ட்வாங்' ஓசை மேல் எனக்குப் பைத்தியம். டான்எலக்ட்ரோ நிறுவனத்தின் '56 என்ற மாடல் பாரிட்டோனை, அதாவது சாதாரண கிட்டாரைவிடக் கீழ்ச் சுருதியில் ஒலிக்கும் நீளமான கிட்டாரை, வாங்கலாம் என்று பார்த்தேன். "அதெல்லாம் பழைய காலத்து ஷோ. இருக்கிற கிட்டாரில் தடித்த கம்பி மாட்டி சுருதியை இறக்கு, போதும்" என்கிறார்கள் நண்பர்கள். வாங்குவது வீண்செலவா?

பதில்: சுருதியை இறக்கலாம் என்பது வரை உங்கள் நண்பர்கள் சொல்வது சரி. ஆனால் நீங்கள் ஆசைப்படும் ஓசை அதில் வராது.

உங்கள் கிட்டாரின் தடித்த 'ஈ' கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. பாரிட்டோனில் அந்த இடத்தில் இருப்பது 'பி', சுமார் 62 ஹெர்ட்ஸ். அதே கம்பியை அவ்வளவு தளர்த்தினால் இழுவிசை ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். கம்பி தொளதொளவென்று ஆடி, கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளில் மோதும். அழுத்தி மீட்டினால் சுருதி ஒரு கணம் மேலே போய்விட்டுத் திரும்பும். சரி, தடித்த கம்பி மாட்டினால்? இழுவிசை திரும்பிவிடும். ஆனால் குட்டையான நீளத்தில் தடித்த கம்பி விறைத்து நிற்கும், கீழ்ச் சுரங்கள் மந்தமாகிவிடும். அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் மேல் அதிர்வுகள் தெளிவாக இருந்தால்தான் அது ட்வாங். இல்லாவிட்டால் வெறும் 'தொம்'.

இதற்கு வழி கம்பியின் நீளத்தைக் கூட்டுவதுதான். ஃபென்டர் வகைக் கிட்டார்களின் ஸ்கேல் நீளம் (கம்பி அதிரும் நீளம்) 25.5 அங்குலம், டான்எலக்ட்ரோ பாரிட்டோனில் 29.75. அந்த நாலேகால் அங்குலத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். 27 அங்குல பாரிட்டோன்களும் கடையில் கிடைக்கும். டிஸ்டார்ஷன் போட்டு, அதாவது ஓசையைக் கரகரப்பாக்கி, வாசிப்பவர்களுக்கு அவை சரி. உங்களுக்கு வேண்டிய சுத்தமான ஓசைக்கு நீளமானதே மேல் என்பேன்.

பழைய தோற்றமும் வெறும் ஷோ இல்லை. டான்எலக்ட்ரோவைத் தொடங்கிய நேதன் டேனியல் மலிவுக்காகச் செய்த வேலைகள் அவை. மரச்சட்டத்துக்கு மேலும் கீழும் ஹார்ட்போர்டு ஒட்டி உள்ளே காலியாக விட்டார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பை லிப்ஸ்டிக் குழாய்க்குள் அடைத்தார். இந்தக் கிட்டார்கள் அமெரிக்காவின் சியர்ஸ் கடைகளில் சில்வர்டோன் என்ற பெயரில் விற்றன. சிக்கனத்துக்குச் செய்தது ஓசைக்கு நல்லதாகிவிட்டது: லிப்ஸ்டிக் பிக்கப் வலு குறைந்தது, பளிச்சென்று ஒலிக்கும், அதனால் கீழ்ச் சுரங்கள் குழம்புவதில்லை. ஸ்விட்சை நடுவில் வைத்தால் இரண்டு பிக்கப்பும் தொடர் இணைப்பில் சேர்ந்து ஓசை தடிக்கும் என்பது டான்எலக்ட்ரோவின் வழக்கம். ஒரே கம்பிச்சுருள் (ஒற்றைக் காயில்) கொண்ட பிக்கப் என்பதால் டிம்மர் விளக்குக்குப் பக்கத்தில் இரையும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழைய படத்தின் ஓசைக்கு ஆம்பில் ஸ்பிரிங் ரிவெர்பும் (எதிரொலி போன்ற விளைவு) ட்ரெமலோவும் (ஓசை ஏறி இறங்கித் துடிப்பது) இருந்தால் நல்லது. பாஸ் குமிழைக் குறைத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. 'பாரிட்டோன் ஓசை' என்று நாம் ரசிக்கும் பல பழைய பதிவுகளில் இருப்பது ஆறு கம்பி பாஸ் கிட்டார். 1960 வாக்கில் அமெரிக்க கிட்டார் கலைஞர் டுவேன் எடி வாசித்ததும், பாடகர் கிளென் கேம்பல் 1968-இல் பாடிய 'விச்சிட்டா லைன்மேன்' பாட்டின் சோலோவில் ஒலிப்பதும் டான்எலக்ட்ரோ ஆறு கம்பி பாஸ்தான். அது கிட்டாரைவிட ஒரு முழு ஸ்தாயி கீழே. ஃபென்டர் 1961-இல் கொண்டுவந்த பாஸ் சிக்ஸும் அதே இனம். ஆன்லைன் கடைகளில் இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். விவரக் குறிப்பில் சுருதி 'பி முதல் பி' அல்லது 'ஏ முதல் ஏ' என்று இருந்தால்தான் பாரிட்டோன். 'ஈ முதல் ஈ' என்றிருந்தால் அது பாஸ் இனம்.

கடையில் பன்னிரண்டாம் ஃப்ரெட்டை அழுத்தி ஒவ்வொரு கம்பியும் சுருதியில் நிற்கிறதா என்று ட்யூனரில் பாருங்கள். கம்பிகள் அமரும் பிரிட்ஜில் எல்லாக் கம்பிக்கும் சேர்த்து ஒரே மரத்துண்டு இருந்தால், கம்பிக்குக் கம்பி சுருதியைத் திருத்த முடியாது. ஐந்தாம் ஃப்ரெட்டில் காப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டினால் சாதாரண கிட்டாரின் சுருதி வந்துவிடும், அதையும் வாசித்துப் பாருங்கள். 13-62 அல்லது 14-68 தடிமன் கொண்ட பாரிட்டோன் கம்பி செட் இரண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் எல்லாக் கடையிலும் இருக்காது. சாதாரண கிட்டார் பையில் இது நுழையாது. பையும் சேர்த்து விலை பேசுங்கள்.

ஹார்ட்போர்டு பிடிக்கவில்லை என்றால் கிரெட்ச் ஜெட் பாரிட்டோனும் 29.75 அங்குலம்தான். ஓசை இன்னும் தடிப்பு, ட்வாங் சற்றுக் குறைவு. நானாக இருந்தால் டான்எலக்ட்ரோதான்.

கேள்வி: எங்கள் குழுவில் பாஸ் வாசிக்க ஆள் இல்லை. பாரிட்டோன் வாங்கினால் சமாளிக்கலாமா?

பதில்: முடியாது. பாஸின் அடிக்கம்பி 41 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், பாரிட்டோன் அவ்வளவு கீழே போகாது. அமெரிக்காவின் நாஷ்வில் நகர ஸ்டூடியோக்களில் 'டிக்-டாக்' என்று ஒரு பழக்கம் இருந்தது: ஆறு கம்பி பாஸிலோ பாரிட்டோனிலோ உள்ளங்கையால் கம்பியை அடக்கி வாசித்து, பெரிய டபுள் பாஸின் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கூர்மை கொடுத்தார்கள். அங்கேயும் டபுள் பாஸ் கூடவே இருந்தது. முதலில் ஒரு சாதாரண நாலு கம்பி பாஸ் வாங்குங்கள்.