சென்னையும் நடாலும்

கேள்வி: ஓய்வுபெற்றுவிட்ட ரஃபேல் நடாலின் பரம ரசிகன் நான். அவருக்கும் நம் சென்னைக்கும் தொடர்பு உண்டா?
– வாசகர், மயிலாப்பூர்

பதில்: உண்டு. பின்னாளில் பிரெஞ்சு ஓபனை 14 முறை வென்ற அந்த ஸ்பெயின் நாட்டு இடக்கை டென்னிஸ் வீரர், 2004-இல் பதினேழு வயதுப் பையனாகச் சென்னை ஓபனில் ஆட நுங்கம்பாக்கம் மைதானத்துக்கு வந்து, டாமி ரொப்ரேடோவுடன் சேர்ந்து இரட்டையர் பட்டத்தைத் தட்டிச் சென்றார். அதே தொடரின் 2008 ஒற்றையர் அரையிறுதியில் சக நாட்டவரான கார்லோஸ் மோயாவோடு ஏறத்தாழ நான்கு மணி நேரம் மல்லுக்கட்டி, மூன்று செட்களும் டைபிரேக்கர் (6-6 எனச் சமனான செட்டை முடிவுசெய்யும் ஆட்டம்) வரை நீண்ட ஆட்டத்தை வென்றவர், மறுநாள் இறுதிப் போட்டியில் மிகைல் யூஷ்னியிடம் 0-6, 1-6 எனத் தோற்றார். (தோற்றவை களைத்த கால்கள்தாம் என்பது என் கட்சி!) ஒற்றையர் கோப்பையை இங்கே அவர் வென்றதே இல்லை. ஆனாலும், தண்ணீர் பாட்டில்களை அணுவும் பிசகாமல் அடுக்கிவிட்டு, ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்பும் மூக்கையும் காதோர முடியையும் தொட்டுக்கொள்ளும் அவரைச் சென்னை கொண்டாடியது. அதே மோயாதான் பிறகு அவருக்குப் பயிற்சியாளரானார்.