டீச்சரிடம் கேளுங்கள்: அண்ணன் போகலாம், நான் போகக் கூடாதா?

கேள்வி: டீச்சர், எனக்கு 19 வயது. உயர்தரம் பாஸ் பண்ணினேன், பல்கலைக்கழகத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. வெள்ளவத்தையில் ஒரு கடையில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. கூடப் படித்த பிள்ளை தங்கியிருக்கும் போர்டிங்கில் எனக்கும் இடம் இருக்கிறது. பின்னேரத்தில் கணக்கியல் கோர்ஸ் படிக்கலாம். அப்பா விடமாட்டேன் என்கிறார். "கொழும்புக்குப் போயிட்டு வந்த பொம்பளப் பிள்ளைய யாரு கட்டுவா?" என்று சித்தப்பா ஏற்றிவிடுகிறார். அண்ணன் சாதாரண தரத்தோடு புறக்கோட்டைக் கடைக்குப் போனான், அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவும் அடுத்த வருஷம் தோட்ட வேலையிலிருந்து நிற்கிறார். 18 வயதானால் என் முடிவு என் கையில் என்று சட்டம் சொல்கிறதாமே, உண்மையா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: உண்மைதான் மகள். முன்பு 21 வயதில்தான் ஒருவர் பராயமடைந்தவர். 1989ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 18 ஆக்கியது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை நாட்டுக்குள் விரும்பிய இடத்துக்குப் போகவும், அங்கே வசிக்கவும், சட்டத்துக்கு உட்பட்ட எந்தத் தொழிலையும் செய்யவும் உனக்கு உரிமை தருகிறது. நீயாக விரும்பித்தான் போனாய் என்றால் பொலிஸ்கூட உன்னை வற்புறுத்தித் திருப்பி அனுப்ப முடியாது.

ஆனால் அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போவது அரச நிர்வாகம் செய்த காரியத்துக்கு எதிராகத்தான். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் எதிராக அந்த வழக்குப் போட முடியாது. அதனால் சட்டத்தைத் தெரிந்து வைத்துக்கொள், வீட்டில் பேசுவதை மட்டும் அதிலிருந்து தொடங்காதே.

நீ கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: அம்மா அடுத்த வருஷம் நிற்கிறார். எனக்கு உன் கடிதத்தில் அதுதான் பெரிதாகத் தெரிகிறது. தோட்டம் தங்கக் கொடுத்த ஒரு லயத்துக் காம்பராவிலிருந்து (வரிசை வீட்டு அறையிலிருந்து) ஒருத்தராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் காம்பராவைக் கேட்பார்கள் என்ற பயம் நம் லயங்களில் எத்தனை வீட்டில் இருக்கிறது! அண்ணன் போய்விட்டான். அம்மாவும் நின்றுவிட்டால் மிச்சம் யார்? நீதான். மானம், மாப்பிள்ளை என்று சித்தப்பா பேசுகிறார். அப்பா இதை நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கலாம். உட்கார்ந்து நேராகக் கேள்: "நான் போனா வீட்டுக்கு என்ன ஆகும்னுதான் பயப்படுறீங்களாப்பா?"

அந்தப் பயம்தான் என்றால் அதற்கு வழி பார்க்கலாம். நீ தோட்டத்தில் பேர் பதிய வேண்டும் என்று கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை. நீதிமன்றக் கட்டளை இல்லாமல் ஒரு குடும்பத்தின் சாமான்களை யாரும் வெளியே எடுத்துப் போடவும் முடியாது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரைக் கூட்டிக்கொண்டு அப்பாவும் நீயும் ஆபீசுக்குப் போய், அம்மா நின்ற பிறகு காம்பரா நிலைமை என்ன என்று எழுத்தில் கேளுங்கள், பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். கணக்கப்பிள்ளை சொன்னார், கங்காணி சொன்னார் என்ற பேச்சை நம்பி ஒரு பிள்ளையின் வாழ்க்கையைத் தீர்மானிக்கக் கூடாது.

நம் முன்னோர் 'துண்டு' என்ற விடுவிப்புச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக முடியாது. பட்ட கடனையெல்லாம் அந்தத் துண்டில் எழுதிவைத்து ஆளைப் பிடித்துவைத்தார்கள். 1921இல் அது ஒழிந்தது. நூறு வருஷத்துக்கு மேலாகியும், வீடு போய்விடும் என்று சொல்லி ஒரு குடும்பத்தை மலையிலேயே நிறுத்திவைக்க முடிகிறது. அந்தக் குடும்பம் வீட்டிலிருக்கும் பெண்பிள்ளையை நிறுத்திவைக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது. உன் அப்பா உனக்கு எதிரி இல்லை மகள், அவரையும் கட்டித்தான் வைத்திருக்கிறார்கள்.

கொழும்பைப் பற்றிய பயத்தையும் லேசாக எடுக்காதே. 2021இல் டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன சிறுமி தீக்காயங்களோடு இறந்ததை எந்த அப்பா மறப்பார்? அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயதில் போனவள். நீ படித்து முடித்து, சம்பளம் பேசி, போக வர வழி தெரிந்து போகிறவள். அந்த வித்தியாசத்தை அப்பா கண்ணால் பார்க்க வேண்டும். கடையையும் போர்டிங்கையும் அவரே நேரில் வந்து பார்க்கட்டும். புறக்கோட்டையிலிருக்கும் அண்ணன் ஒரு நாள் லீவு போட்டுக் கூட வரட்டும். தனக்குக் கிடைத்ததைத் தங்கைக்கும் கேட்டு வாங்கித் தர வேண்டிய கடமை அவனுக்கு இருக்கிறது.

இதற்கெல்லாம் பிறகும் சித்தப்பா பேச்சுத்தான் நிற்கிறது என்றால், நீ போகலாம். சொல்லிவிட்டுப் போ. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், பரீட்சைப் பெறுபேறு எல்லாம் உன் கையில் இருக்கட்டும், அப்பாவின் பெட்டியில் வேண்டாம். சம்பளம் உன் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் விழட்டும். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்ததே 1984இல்தான். அதற்குப் பிறகும் மனைவியின் சம்பளத்தைப் புருஷன் வாங்கிக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு அனுப்புவதை நீயே எடுத்து அனுப்பு.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. டவுனில் கடையில் நிற்கும் ஒரு பையனோடு பழக்கம். லயத்தில் கதை பரவிவிட்டது. அவளும் அவனைத்தான் கட்டுவேன் என்கிறாள். கோயிலில் தாலி கட்டிவைத்துவிட்டு, 18 ஆனதும் பதியலாம் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். பெற்றவனுக்குச் சம்மதம், பிள்ளைக்கும் சம்மதம். பிறகு சட்டத்துக்கு என்ன வேலை?
– ஒரு தகப்பன், பசறை

பதில்: ஐயா, தயவுசெய்து செய்யாதீர்கள். 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பொது விவாகச் சட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பெற்றவர் கையெழுத்துப் போட்டாலும் அதற்குக் குறைந்த வயதில் பதிய முடியாது. பதியாமல் தாலி மட்டும் கட்டி, நடுவில் ஒரு குழந்தை பிறந்தால் பிறப்புச் சான்றிதழில் தகப்பன் பெயர் போடுவதிலிருந்தே அலைச்சல் தொடங்கும். பையன் மனம் மாறிவிட்டால், மனைவி என்று காட்ட உங்கள் மகளிடம் ஒரு கடதாசிகூட இருக்காது.

மேலே பொகவந்தலாவைப் பிள்ளைக்குப் போகச் சொல்லிவிட்டு, உங்கள் மகளுக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்பீர்கள். இந்தச் சட்டம் அவள் விருப்பத்தைத் தடுக்கிறது, உண்மைதான். ஆனால் அவளுடைய பிறந்தநாள் வரைக்கும்தான் தடுக்கிறது. அன்றைக்கும் அவனைத்தான் வேண்டும் என்றால் கட்டிக்கொள்ளலாம், வேண்டாம் என்று தோன்றினால் வேண்டாம் என்றும் சொல்லலாம். நீங்கள் இப்போது தாலி கட்டிவைத்தால் அந்த இரண்டாவது வார்த்தையை அவள் எப்போது சொல்வாள்? லயத்து வாய்க்கு அடுத்த மாதம் வேறு கதை கிடைத்துவிடும்.

அவளைத் திட்டாமல், அடிக்காமல், போனைப் பிடுங்காமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். உயர்தரம் எழுதட்டும். அந்தப் பையனைக் கூப்பிட்டு, "பரீட்சை முடியட்டும், பிறகு உன் அப்பா அம்மாவோடு வா" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நல்ல பையன் என்றால் காத்திருப்பான். சொந்தக்காரர்கள் வற்புறுத்தி நாள் குறிக்கப் போனால் சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். உங்கள் மகளுக்கும் அந்த இலக்கம் தெரிந்திருக்கட்டும்.

கேள்வி: நான் ஓர் ஆசிரியர். "கண்ணை மட்டும் விட்டுட்டு அடிங்க சேர்" என்று பெற்றோரே சொல்லும்போது, பிரம்பை எடுப்பதில் என்ன தவறு?
– கொட்டகலை

பதில்: கண்ணையும் விடுங்கள், மற்ற எல்லாவற்றையும் விடுங்கள். 2005ஆம் ஆண்டிலேயே கல்வி அமைச்சு சுற்றறிக்கை அனுப்பி உடல் தண்டனையைத் தடுத்துவிட்டது. ஆசிரியர் அறைந்து ஒரு மாணவரின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறிய செயல் என்று உயர் நீதிமன்றம் 2021இல் தீர்ப்புச் சொன்னது. கொடூரமான, இழிவான நடத்தைக்கு யாரையும் உட்படுத்தக் கூடாது என்பது அந்த உறுப்புரை. உடம்பு பிள்ளையுடையது, அதை அடிக்க அனுமதி கொடுக்கப் பெற்றவருக்கும் உரிமை இல்லை.

விடியற்காலை வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போன அம்மா சாப்பாடு கட்டிவைத்தாரா என்று அந்தப் பிள்ளையிடம் முதலில் கேளுங்கள் தம்பி. வீட்டுப்பாடம் எழுதாததற்குப் பாதிக் காரணம் அங்கேயே கிடைக்கும்.

கேள்வி: பரீட்சை நெருங்குகிறது. திருவிழா ஸ்பீக்கர் இராத்திரி ஒரு மணி வரைக்கும் அலறுகிறது. கேட்டால் "சாமி காரியம்" என்கிறார்கள்.
– மாணவன், தலவாக்கலை

பதில்: சாதாரணமாக இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் 2007இல் கட்டளையிட்டிருக்கிறது. விசேட சமய நிகழ்வு என்றால், முன்கூட்டியே விண்ணப்பித்து, பொலிஸ் அக்கம்பக்கத்தாரின் கருத்தைக் கேட்ட பிறகு, இரவு ஒரு மணி வரை விலக்குக் கொடுக்கலாம். கோயில், பள்ளிவாசல், விகாரை, தேவாலயம் எல்லாவற்றுக்கும் அது ஒன்றுதான். விடிய விடிய தப்பு அடித்துக் காமன் கூத்து ஆடியவர்கள் நாம், எனக்கும் அது உயிர். அந்தக் கூத்துக்கு ஸ்பீக்கர் தேவைப்பட்டதே இல்லை.

எடுத்தவுடன் பொலிஸுக்குப் போகாதே. பரீட்சை எழுதும் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து, அதிபரின் கடிதத்தோடு கோயில் கமிட்டித் தலைவரைப் போய்ப் பாருங்கள். அடுத்த திருவிழாவுக்கு நோட்டீஸ் அச்சடிக்கும் முன்பே போய்விடுங்கள். நோட்டீஸ் வெளியே வந்த பிறகு நேரத்தைக் குறைக்கச் சொன்னால் அது கமிட்டிக்குக் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும்.