காரத்தை நம்பிக் கொரியாவுக்கு வராதீர்கள், கருவாட்டை நம்பி வாருங்கள்

கேள்வி: மேற்படிப்புக்காகத் தென்கொரியா போகிறேன். அசைவம் சாப்பிடுவேன். கொரியச் சாப்பாடு காரமானது, அதனால் நம் நாக்குக்கு ஒத்துப்போகும் என்கிறார்களே, உண்மையா?

ஒத்துப்போகும். ஆனால் அவர்கள் சொல்லும் காரணம் தவறு.

நான் தூத்துக்குடிக்காரன். தேஜோன் நகரில் மூன்று வருடமாக ஆராய்ச்சி மாணவன். வருகிற உதவித்தொகையில் பாதி வயிற்றுக்குப் போகிறது. மீதியில் பாதி, வேறு ஊரில் போய்ச் சாப்பிடுவதற்கான ரயில் டிக்கெட்டுக்குப் போகிறது. இந்தத் தகுதியில் பதில் சொல்கிறேன்.

எனக்கும் கிளம்பும்போது எல்லோரும் காரத்தைச் சொல்லித்தான் தைரியம் கொடுத்தார்கள். வந்த முதல் வாரமே தெருக்கடையில் தொக்போக்கி வாங்கினேன். விரல் தடிமனில் அரிசிமாவு உருளைகள், ரத்தச் சிவப்பாகக் கொதிக்கும் குழம்பு. பார்த்ததும் நாக்கு ஊறியது. வாயில் வைத்தால் இனிப்பு! மீன்குழம்புச் சட்டியில் யாரோ வெல்லப்பாகைக் கவிழ்த்துவிட்டது போல இருந்தது. காரம் பிறகு வந்தது, வழி கேட்டுக் கேட்டு வந்த உறவினர் மாதிரி. காரணம் கொச்சுஜாங் என்ற மிளகாய் விழுது. மிளகாய்த்தூளோடு அரிசிமாவும் சோயா பீன்ஸ் பொடியும் முளைகட்டிய பார்லியும் சேர்த்து மாதக்கணக்கில் நொதிக்கவிடுவார்கள். இனிப்பு அதன் பிறவிக் குணம். போதாததற்குத் தெருக்கடைகளில் சர்க்கரைப் பாகையும் ஊற்றுகிறார்கள். சிவப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். உண்மையான காரம் வேண்டுமென்றால் 'செங்யாங் கொச்சு' என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்தப் பச்சை மிளகாய் நம் பக்கத்து ஆள்.

தவிர, மிளகாய் இரண்டு நாட்டுக்குமே வந்தேறிதான். அமெரிக்கக் கண்டத்தில் பிறந்தது. நமக்குப் போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்து கொடுத்தார்கள், கொரியாவுக்கு 16ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டித்தான் போய்ச் சேர்ந்தது. அதுவரை, காய்கறியை நொதிக்கவைத்துச் செய்யும் ஊறுகாயான கிம்ச்சிக்குச் சிவப்பு கிடையாது. மிளகாய்ப்பொடி போடாத வெள்ளைக் கிம்ச்சியை இன்றும் செய்கிறார்கள். நேற்று வந்த விருந்தாளியை வைத்து உறவு கொண்டாடுவது எனக்கு ஒப்பவில்லை.

எனக்கு உறவு பிடிபட்டது இரண்டாவது வாரம், பல்கலைக்கழக உணவுக்கூடத்தில். சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணம். அதில் தலையும் கண்ணும் வாலுமாக, அப்படியே நெத்திலி. கொரிய மொழியில் மியொல்ச்சி. காய்ந்த நெத்திலியைச் சோயா சாஸிலும் பாகிலும் புரட்டி எள் தூவியிருந்தார்கள். இதிலும் இனிப்புதான், ஆனால் கடித்ததும் அடியில் அந்த உப்பும் கடலும் எழுந்து வந்தன. எங்கள் ஆச்சி பழைய சோற்றுக்கு வறுத்து வைக்கும் அதே சாமான். மூன்று முறை போய் வாங்கிச் சாப்பிட்டேன். பான்ச்சான் எனப்படும் இந்தத் தொடுகறிகளுக்குத் தனிக்காசு இல்லை, தீர்ந்தால் மறுபடியும் தருவார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு விசாரித்தால், இங்கே பெரும்பாலான குழம்புக்கும் நூடுல்ஸுக்கும் அடித்தண்ணீரே காய்ந்த நெத்திலியும் கடற்பாசியும் போட்டுக் கொதிக்கவைத்ததுதான்.

கடையில் பரிமாறும் பெண்களைக் கூப்பிட 'இமோ' என்று ஒரு சொல் உண்டு. அம்மாவின் சகோதரி என்று பொருள், நம் சித்தியோ பெரியம்மாவோ. அப்பாவின் சகோதரிக்கு 'கொமோ' என்று தனிச் சொல் இருக்கிறது, நம் அத்தை மாதிரி. ஆனால் ஓட்டலில் யாரையும் யாரும் கொமோ என்று அழைத்து நான் கேட்டதில்லை. அம்மா வழி உறவாக இருந்தால்தான் கரண்டி கொஞ்சம் தாராளமாகச் சாயும் போலிருக்கிறது. நீங்களும் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் வரும் சோற்றுக்கு 'இமோ' என்று குரல் கொடுத்துப் பழகுங்கள். பல கடைகளில் அந்தக் கூடுதல் கிண்ணம் 1000 வொன், நம் பணத்தில் சுமார் 60 ரூபாய்.

இமோக்கள் எத்தனை அன்பாக இருந்தாலும் ஒரு விஷயத்தில் இரங்க மாட்டார்கள். இறைச்சி சுடும் கடைகளிலும் பெரிய சட்டியில் குழம்பு கொதிக்கும் கடைகளிலும் குறைந்தது இரண்டு பேருக்கு வாங்க வேண்டும். தனியாகப் போனால் வாசலிலேயே இரண்டு விரலைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். முதல் குளிர்காலம் முழுக்க நான் இப்படித் திரும்பி வந்து, சிறு கடைகளில் முக்கோணக் கிம்பாப் தின்று பசியாறினேன். அந்தக் கடற்பாசிச் சோற்றுப் பொட்டலத்தை 1, 2, 3 என்று அச்சிட்ட வரிசையில்தான் பிரிக்க வேண்டும். நான் அவசரத்தில் 3-இலிருந்து ஆரம்பித்து, சோறு ஒரு கையிலும் பாசி மறு கையிலுமாகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருக்கிறேன்.

தனியாகப் போய் ராஜ மரியாதையோடு சாப்பிட்ட ஒரே இடம் யொங்தேரி. காங்வோன் மாகாணத்தில், இன்ஜே வட்டாரத்து மலைக் கிராமம். போன வருடம் ஜனவரி கடைசியில், தலைநகர் சோலில் இருக்கும் தொங்சோல் பேருந்து நிலையத்திலிருந்து பஸ் பிடித்துப் போனேன். இறங்கியதும் மூக்குக்குள் ரோமம் உறைந்தது. சாலையோரம் மரக்கழிகளால் கட்டிய பந்தல் பந்தலாகப் பரண்கள். பரண் முழுக்க வாய் பிளந்த மீன்கள், ஜோடி ஜோடியாகத் தொங்குகின்றன, மேலே பனி படிந்திருக்கிறது. எங்கள் ஊர்த் திரேஸ்புரத்து மணலில் வெயிலில் விரித்துக் கிடக்கும் கருவாட்டைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே அதே வேலையைப் பனி செய்கிறது. இரவில் மீன் உறையும், பகலில் இளகிச் சொட்டும், மறுபடியும் உறையும். டிசம்பர், ஜனவரியில் ஏற்றினால் ஏப்ரல் வாக்கில்தான் இறக்குவார்கள். அதற்குள் சதை பஞ்சு மாதிரி உப்பி மஞ்சளாகிவிடுகிறது. ஹ்வாங்தே என்று பெயர். உப்பு ஒரு கல் கூடப் போடுவதில்லை. கொரியப் போரில் வடக்கே ஹாம்க்யோங் பகுதியிலிருந்து பெயர்ந்து வந்தவர்கள், தங்கள் ஊர்க் குளிரும் காற்றும் இந்த மலையில் இருப்பதைக் கண்டு பரண் கட்டினார்களாம்.

மீன் ஒன்றுதான், மியொங்தே. ஆனால் பச்சையாக இருந்தால் செங்தே, உறையவைத்தால் தொங்தே, வெறுமனே காய்ந்தால் புகொ, பாதி காய்ந்தால் கொதாரி, குட்டியைக் காயவைத்தால் நோகாரி. இளநீர், தேங்காய், கொப்பரை என்று ஒரே காய்க்குப் பருவத்துக்கொரு பெயர் வைத்திருக்கும் நாம் இதற்கு ஆச்சரியப்படக் கூடாது. காய்ந்த மீனில் நூலைச் சுற்றிக் கடை வாசலில் தொங்கவிடுவதும் உண்டு. திருஷ்டிக்குத்தான். இத்தனை கொண்டாட்டத்துக்கு உரிய மீன் கொரியக் கடலில் ஏறக்குறைய அற்றுப்போய்விட்டது என்பதுதான் சோகம். 2019 முதல் அதைப் பிடிக்கவே தடை. பரணில் தொங்குவது பெரும்பாலும் ரஷ்யக் கடலில் பிடித்தது.

அங்கே ஒரு ஓட்டலில் நுழைந்தேன். எழுபது வயதிருக்கும் அம்மாள், "தனியாகவா?" என்று கேட்டார். இரண்டு விரலை எதிர்பார்த்துத் தயங்கி நின்றேன். "வெளியே குளிர், உட்கார்" என்றார். ஹ்வாங்தே சூப் வந்தது. மீனைப் பிய்த்து எண்ணெயில் வதக்கித் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டால், பால் சேர்த்தது போல வெளுத்துவிடுகிறது. முள்ளங்கி, டோஃபு, கடைசியில் உடைத்து ஊற்றிய முட்டை. காரமே கிடையாது. அந்த வருடம் நான் சாப்பிட்டதில் அதுதான் முதலிடம். கைப்பேசியில் ஆச்சி மொட்டைமாடியில் கருவாடு காயப்போடும் படத்தைக் காட்டினேன். எத்தனை மாதம் என்றார். மாதம் இல்லை, நான்கு நாள் என்றேன். நம்பவில்லை. வெயில், உப்பு, நிறைய உப்பு என்று எனக்குத் தெரிந்த கொரிய மொழியில் விளக்கினேன். உப்பு என்றதும் முகத்தைச் சுளித்தார். ஆச்சியிடம் பனியில் காய்ந்த உப்பில்லாத மீனைப் பற்றிச் சொன்னபோது, அவளும் அதேபோல முகத்தைச் சுளித்து, "உப்பில்லாம அது என்னய்யா கருவாடு?" என்றாள்.

ஊரிலிருந்து கொண்டுவந்த நெத்திலிக் கருவாட்டை விடுதியின் பொதுச் சமையலறையில் வறுக்க மாதக்கணக்கில் பயந்தேன். ஒருநாள் துணிந்துவிட்டேன். பக்கத்து அடுப்பில் நின்றவர் எட்டிப் பார்த்து, "மியொல்ச்சியா?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார். அடுத்த வாரம் சாம்பார் தாளித்தேன். பெருங்காயத்துக்குப் புகார் போய்விட்டது. மூன்றாம் மாடியில் எரிவாயுக் கசிவு என்று யாரோ காப்பாளரை அழைத்திருந்தார்கள்.

கருவாடு தவிரவும் கண்ணில் படுபவை உண்டு. அறுவடைத் திருநாளான சூசொக்குக்கு அரைநிலா வடிவில் சொங்ப்யொன் பிடிப்பார்கள், உள்ளே எள்ளுப் பூரணம் வைத்து, பைன் இலையின்மேல் வேகவைத்து. அது கொழுக்கட்டை இல்லையென்றால் வேறெது கொழுக்கட்டை? அழகாகப் பிடித்தால் அழகான துணை அமையுமாம்; நான் பிடித்ததைப் பார்த்துச் சக மாணவிகள் எனக்காக வருத்தப்பட்டார்கள். 1905-இல் தொடங்கிய சோலின் குவாங்ஜாங் சந்தையில் பாசிப்பயறை ஊறவைத்துக் கல் திரிகையில் அரைத்து, மூழ்க மூழ்க எண்ணெய் விட்டு அடை சுடுகிறார்கள், பிந்தேத்தொக் என்று. பன்றி இறைச்சி கலந்திருக்கும், வேண்டாமென்றால் கேட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்றவளுக்கு நாங்கள் பால்சுறா சமைக்கிறோம், இவர்கள் கடற்பாசி சூப் கொடுக்கிறார்கள். அதையே ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் குடிக்கிறார்கள். தேர்வன்று மட்டும் தொட மாட்டார்கள், பாசி வழுக்குமாம், மதிப்பெண்ணும் வழுக்கிவிடுமாம்.

உங்களோடு சைவ நண்பர் யாராவது வந்தால் அவர் பாடு திண்டாட்டம். என் அறைத்தோழன் இறைச்சி வேண்டாம் என்று சொல்லி வாங்கிய பிபிம்பாப்பில், அதாவது காய்கறி போட்டுக் கலந்து சாப்பிடும் சோற்றில், ஹாம் எனும் பதப்படுத்திய பன்றி இறைச்சித் துண்டுகள் இருந்தன. கேட்டால், அது ஹாம்தானே, இறைச்சி இல்லையே என்றார்கள். ஹாமைப் பொறுக்கிப் போட்டாலும் கூட வந்த சூப்பில் நெத்திலி கரைந்திருக்கிறது. கிம்ச்சியிலும் இறால் உப்போ மீன்சாறோ உண்டு. அவனுக்குப் புத்த மடங்களின் உணவுதான் கதி: மீன், இறைச்சி, பூண்டு, வெங்காயம் எதுவும் இல்லாதது. நல்ல சாப்பாடுதான், ஆனால் வாரம் ஏழு நாளும் மடத்துக்குப் போக முடியாதே.

பெட்டியில் என்ன எடுத்துவருவது என்று அடுத்து கேட்பீர்கள். நெத்திலி வேண்டாம். அரிசியும் வேண்டாம், இங்கத்திய ஒட்டும் சோறு ஒரு மாதத்தில் பழகிவிடும், ரசம் ஊற்றினால் மட்டும் கட்டி கட்டியாக நிற்கும். புளி கட்டாயம். இவர்களுடைய புளிப்பெல்லாம் நொதிப்பிலிருந்து வருவது, புளியங்காயைச் சமையலில் கண்டதே இல்லை. சோலின் இதேவோன் கடைகளில் கிடைக்கும், ஆனால் தேஜோனிலிருந்து ரயில் ஒரு மணிநேரம். பெருங்காயம் எடுத்து வந்தால் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்து வையுங்கள்.