ஓட்டத்துக்கு முன்பே தொடங்கிவிட்ட கதை

கேள்வி: ‘இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்’ படத்தைச் சென்ற இதழில் வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். திருட்டுப் பணத்தைத் தேடி ஒரு கூட்டம் மூன்று மணி நேரம் ஓடுகிறது, விழுகிறது, கண்ணில் பட்டதையெல்லாம் உடைக்கிறது. இந்த ஓட்டத்துக்கு நடுவே கதை என்று ஏதாவது உண்டா?

பதில்: உண்டு; ஆனால் ஓட்டத்துக்கு நடுவே தேடினால் அகப்படாது. கலிஃபோர்னியாவின் மலைச்சாலையில் கார் உருண்டு, சாகக் கிடக்கும் பழைய திருடன் 3,50,000 டாலர் புதைத்த இடத்தைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறான். (ஆங்கிலத்தில் சாவதை ‘வாளியை உதைப்பது’ என்பார்கள், அந்தச் சொல்வழக்குக்கு மரியாதை செய்து, திருடனாக வரும் ஜிம்மி டூரான்ட்டின் கால் உண்மையாகவே ஒரு வாளியை உதைத்து உருட்டுகிறது.) அதற்குப் பிறகு, வழியில் வந்த வண்டிகளை நிறுத்தி உதவி செய்ய இறங்கிவந்த நல்லவர்கள் பங்கு பிரிக்க உட்காரும் காட்சியைத் தாங்கள் எழுந்துபோன நேரத்தில் தவறவிட்டீர்களோ என்று ஐயப்படுகிறேன். வண்டிகள் நான்கு, பள்ளத்தில் இறங்கியவர்கள் ஐந்து பேர், வண்டிகளில் வந்தவர்கள் மொத்தம் எட்டுப் பேர்: எந்தக் கணக்கில் தனக்கு மிகுதியாக வருமோ அந்தக் கணக்கே நியாயம் என்று ஒவ்வொருவரும் மெய்யாகவே நம்பி வாதிடுகிறார்கள். பணம் யாருடையது என்ற கேள்வியைக் கிளப்பும் ஒரே ஆள், அந்த வண்டிகளில் ஒன்றில் கணவனோடும் தாயோடும் வந்த எமலின். அவரை யாரும் பொருட்படுத்துவதில்லை. சமரசம் முறிந்த பிறகுதான் வண்டிகள் பறக்கின்றன.

இயக்குநர் ஸ்டான்லி கிராமர் 1961-இல் எடுத்த படம் ‘ஜட்ஜ்மென்ட் அட் நியூரம்பர்க்’. தங்கள் செயலுக்குச் சட்டத்தில் இடம் தேடிக்கொண்ட நாஜி நீதிபதிகளைப் பற்றியது. இரண்டு ஆண்டுகள் கழித்து வந்த இந்த நகைச்சுவைப் படத்திலும் அவர் கை வைத்திருப்பது, தவற்றுக்கு நியாயம் கற்பிக்கும் அதே மனித சாமர்த்தியத்தின் மேல்தான்.

படம் நீளம் என்கிறீர்களே, அதை ஏற்கிறேன். வெளியிட்ட நிறுவனமே பின்னர் அதை வெட்டிக் குறைத்தது. பூட்டிய அடித்தள அறையிலிருந்து கணவனும் மனைவியும் வெளியேறப் படும் பாட்டை நானும் பொறுமையோடுதான் பார்த்தேன். உடைப்பதைப் பற்றிய குறையை மட்டும் ஏற்க இயலாது. பணத்தைத் தேடி ஓடுபவர்களில் ஒருவராக வரும் ஜானதன் விண்டர்ஸ் ஒற்றை ஆளாகப் பெட்ரோல் நிலையத்தைத் தரைமட்டமாக்கும் காட்சியில் ஒரு சுவர்கூடக் காரணமின்றி விழுவதில்லை. படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கார் ஒலி விளைவுகளுக்காக என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்த முறை பார்க்கும்போது இரண்டு பேரை மட்டும் பின்தொடருங்கள். ஒருவர், அந்தத் திருட்டைப் பதினைந்து ஆண்டுகளாகத் துரத்தும் காவல் அதிகாரியாக வரும் ஸ்பென்சர் டிரேசி. மனைவியின் கூச்சலையும் சொற்ப ஓய்வூதியத்தையும் சுமந்தபடி அவர் தொலைபேசியை வைக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் முகம் சிறிது மாறுகிறது. மற்றவர், நான் முன்பு சொன்ன எமலின். திருடன் சொன்ன ‘பெரிய டபிள்யூ’வின் கீழே பணம் இருக்கிறது என்று எல்லோரும் மண்ணைப் பார்த்து அலையும்போது, அந்த ஆங்கில எழுத்தின் வடிவில் சாய்ந்து நிற்கும் நான்கு பனைகளை முதலில் அண்ணாந்து பார்ப்பவர் அவர்தான். பார்த்ததும் அவர் காவல்துறையைக் கூவி அழைக்கவில்லை.