காளான் விதை தயாரிக்க எந்த லேமினார் வாங்கலாம்?

கேள்வி: சிப்பிக் காளான் வளர்க்கிறேன். விதையையும் நானே தயாரிக்க லேமினார் ஃப்ளோ கேபினட் (வடிகட்டிய சுத்தமான காற்று சீராக வீசும் வேலைப் பெட்டி) விசாரித்தேன். ஒருவர் கிடைமட்டக் காற்றோட்டம் உள்ளதை வாங்கச் சொல்கிறார். இன்னொருவர் செங்குத்துதான் நல்லது என்கிறார். விலையிலும் பெரிய வித்தியாசம். அதே கேபினட்டில் டிரைக்கோடெர்மாவும் தயாரித்து விற்கலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டவே வேண்டாம். வயலில் வேரழுகலைத் தடுக்கும் டிரைக்கோடெர்மாதான் காளான் படுக்கையில் பச்சைப் பூசணமாக வந்து நிற்கிறது. இரண்டையும் ஒரே கேபினட்டில் செய்வது பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை. இன்னொன்று, லேமினார் காப்பது உள்ளே இருக்கும் பொருளை மட்டும்தான், உங்களை அல்ல. கிடைமட்ட வகையில் காற்று நேராக முகத்துக்கு வரும், வித்துத்தூளும் கூடவே வரும். நுண்ணுயிர் பெருக்கும் வேலைக்கு ஆளையும் சேர்த்துக் காக்கிற இரண்டாம் வகுப்பு பயோசேஃப்டி கேபினட் வேண்டும். அது இருந்தாலும் டிரைக்கோடெர்மாவைக் காளான் இருக்கும் கட்டடத்துக்குள் விடாதீர்கள்.

காளான் விதைக்கு மட்டும் என்றால் கிடைமட்டமே என் தேர்வு. விதை வளர்க்க வேகவைத்த சோளம் நிரப்பிய பை உயரமானது. செங்குத்து வகையில் காற்று மேலிருந்து இறங்கும். திறந்த பை வாய்க்கு மேல் உங்கள் கை வந்தால், கையைத் தொட்ட காற்றுதான் பைக்குள் போகும். ஸ்பிரிட் விளக்கின் சூடும் அதை எதிர்த்து மேலே எழும். கிடைமட்டத்தில் ஃபில்டருக்கும் பை வாய்க்கும் நடுவே எதையும் வைக்காமல் இருந்தால் போதும்.

விலை வித்தியாசம் பெரும்பாலும் காற்றைத் தள்ளும் ப்ளோயரில்தான் ஒளிந்திருக்கும். ஹெபா ஃபில்டர் 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் என்று எல்லாருமே சொல்வார்கள். ஆனால் அதிலிருந்து காற்று நொடிக்கு சுமார் 0.45 மீட்டர் வேகத்தில், முகப்பு முழுக்கச் சீராக வர வேண்டும். 4 அடிக்கு 2 அடி ஃபில்டர் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 720 கன அடி காற்று. ப்ளோயர் பட்டியலில் தடை எதுவும் இல்லாமல் எடுத்த அளவைப் போட்டிருப்பார்கள், அதை நம்பாதீர்கள். ஃபில்டரின் தடையைத் தாண்டி எவ்வளவு தரும் என்று கேளுங்கள். ஃபில்டர் அடைய அடைய வேகம் குறையும் என்பதால், வேகத்தைக் கூட்டும் வசதியும் அழுத்த வித்தியாசம் காட்டும் மீட்டரும் இருக்கட்டும். உடல் பிளைவுட்டில் இருந்தால் காளான் கொட்டகை ஈரத்துக்கு ஊதிவிடும். வேலை மேசை துருப்பிடிக்காத எஃகாக (எஸ்எஸ் 304) இருப்பது நல்லது. பெரிய தூசியை முதலிலேயே பிடிக்கும் முன் ஃபில்டர் கழற்றிக் கழுவும்படி இருக்க வேண்டும்.

யூவி விளக்குக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். நிழல் விழும் இடத்தில் அது வேலை செய்யாது. நாளாக ஆக அதன் கிருமி கொல்லும் சக்தி குறையும், நீல வெளிச்சம் மட்டும் அப்படியே எரியும். 70 சதவீத ஆல்கஹாலால் துடைத்து, அது நன்றாகக் காய்ந்த பிறகு ஸ்பிரிட் விளக்கேற்றி, ப்ளோயரை 15–20 நிமிடம் ஓடவிட்டு வேலை தொடங்குங்கள்.

அறையில் சீலிங் ஃபேன் ஓடக் கூடாது. வெயில் காலத்தில் கஷ்டம்தான், ஆனால் அந்த மெல்லிய காற்றோட்டத்தை ஃபேன் காற்று சுலபமாகக் கலைத்துவிடும். காளான் பறிக்கும் கொட்டகையிலிருந்தும் அறை தள்ளியிருக்கட்டும்.

கேபினட் வந்து இறங்கியதும் ஃபில்டர் கசிவுச் சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். அப்புறம் நீங்களே ஒரு சோதனை செய்யுங்கள். ப்ளோயர் ஓடும்போது நான்கு மூலையிலும் நடுவிலும் பிடிஏ தட்டுகளை (பூசணம் வளரும் உருளைக்கிழங்கு அகார் ஊட்டம் ஊற்றியவை) அரை மணி நேரம் திறந்து வையுங்கள், ஒப்பிட ஒன்றை அறையில் வையுங்கள். மூடி ஒரு வாரம் விட்டுப் பாருங்கள். அறைத் தட்டில் பூசணம் வரும். உள்ளே இருந்தவை சுத்தமாக இருக்க வேண்டும். ஒரு மூலைத் தட்டில் மட்டும் வந்தால் அந்தப் பக்கம் ஃபில்டரைச் சுற்றியுள்ள அடைப்புப் பட்டை (கேஸ்கெட்) கசிகிறதா என்று முதலில் பாருங்கள். இந்த ஒரு வாரம் முடியும்வரை மீதிப் பணத்தை நிறுத்தி வைப்பதாக ஆர்டர் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.